ஞாயிற்றுக்கிழமை ஊர்சுற்றல்

விமான நிலையத்து வாசலில் உமா மகேஸ்வரி தள்ளிக்கொண்டு வந்த வண்டியில் இரண்டு அட்டைப்பெட்டிகள் இருந்தன. இரண்டுக்கும் நைலான் கயிறு போட்டு, முடிச்சுக்கு மேல் முடிச்சாக இறுக்கியிருந்தாள். துணிமணி வைக்கும் பெட்டி என்று ஒன்று கண்ணில் படவில்லை. வைஜெயந்தி முதலில் பெட்டிகளைப் பார்த்தாள், அப்புறம்தான் சிநேகிதியின் முகத்தைப் பார்த்தாள். தன் மகள் கார்த்திகாவின் கல்யாணத்தில் சென்னையில் பார்த்ததற்கு உமா இப்போது கொஞ்சம் இளைத்திருந்தாள்.

“என்னடி இது, கல்யாணச் சமையலுக்கு வந்தவ மாதிரி வர்றே. உன் துணியெல்லாம் எங்க?”

“தோள்பையில ரெண்டு சேலை இருக்கு. மீதிக்கு உன் பீரோ இல்லையா? பதினஞ்சு கிலோவுக்கு மேல விடமாட்டேன்னுட்டான். சேலையா சாமானான்னு பார்த்தேன், சாமான் ஜெயிச்சுடுச்சு.”

“என்ன சாமான்?”

“மெயின்லேண்ட்ல இருந்து வர்றவ வெறுங்கையோடவா வருவா?”

வைஜெயந்திக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பேச்சைக் காதால் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

இருவரும் போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பகுதியில் எதிரெதிர் வீட்டில் வளர்ந்தவர்கள். ஊருக்கு இப்போது வேறு பெயர் வைத்தாகிவிட்டது, ஆனால் வைஜெயந்தியின் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். அந்த நாளில் தீவிலிருந்து மெயின்லேண்டுக்கு, அதாவது அக்கரைக்கு, போவதென்றால் கப்பல். மூன்று நாள், நாலு நாள் கடல்தான். புயல் என்று சொல்லிவிட்டால் அதுவும் கிடையாது. தெருவில் ஒருவர் சென்னைக்குப் போய்த் திரும்பினால் அது அந்த வீட்டு விஷயம் இல்லை, தெருவின் விஷயம். ஹாடோ துறைமுகத்திலிருந்து சாமான் வந்து இறங்கியதும் முற்றத்தில் பழைய பேப்பரை விரித்து எல்லாவற்றையும் கொட்டுவார்கள். கொத்தமல்லி வீட்டுக்கு ஒரு பிடி. சின்ன வெங்காயம் வீட்டுக்கு இரண்டு கை. முருங்கைக்காய் போதவில்லை என்றால் பாதியாக ஒடித்துக் கொடுப்பார்கள். வாரப் பத்திரிகைகள் வீடு வீடாகச் சுற்றி, கடைசி வீட்டுக்குப் போகும்போது அட்டையும் தொடர்கதையும் இருக்காது.

மல்லிகைச் சரம் ஈரத்துணியில் சுற்றி வரும். வந்து சேரும்போது பழுப்பேறிச் சுருண்டிருக்கும். அதையும் சாண் சாணாக நறுக்கிப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அந்த வாடல் பூவை வைத்துக்கொண்டு மறுநாள் பள்ளிக்கூடத்தில் இவர்கள் இருவரும் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். மணம் என்று சொல்லப்போனால் பாதிக்குப் பாதி கப்பல் டீசல்தான். ஆனாலும் அது மெயின்லேண்ட் மல்லி இல்லையா. பெங்காலிப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தப் பகிர்ந்துகொள்ளலுக்குத் தெருவில் ‘பங்கு’ என்று பெயர். “மல்லிகா அக்கா வீட்ல பங்கு” என்று குரல் வந்தால் போதும், தெருவே கிண்ணத்தோடு போய் நிற்கும்.

கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்ட உமா இத்தனை வருஷம் கழித்து வந்தது ஊர் பார்க்க மட்டும் இல்லை. வைஜெயந்தியைக் கையோடு சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போக வழி பண்ணத்தான் வந்திருந்தாள். அம்பத்தூரில் உமா இருக்கும் அடுக்குமாடியில், அவள் வீட்டுக்கு நேர் மேலே, மூன்றாவது மாடி வீடு காலியாகிறது. வீட்டுச் சொந்தக்காரர் உமாவின் கணவர் ஸ்ரீநிவாசுக்கு வேண்டியவர், உமா திரும்பி வரும்வரை யாருக்கும் விடமாட்டேன் என்று சொல்லியிருந்தார். வைஜெயந்தி சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. “தனியா அங்க என்னம்மா பண்றே” என்று கார்த்திகாவும் சென்னையிலிருந்து போனில் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்பதிலும் நியாயம் இருந்தது. கணவர் சிவப்பிரகாசம் போய் மூன்று வருஷம். கல்வி அலுவலக வேலையும் போன வருஷம் முடிந்துவிட்டது. தெருவில் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்தன. மெயின்லேண்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ரிட்டயர் ஆனதும் “போயிட்டு வர்றோம்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போவது தவறாமல் நடக்கும். வருவதைத்தான் வைஜெயந்தி இதுவரை பார்த்ததில்லை. அவளுடைய குடும்பம் அப்படி வந்த குடும்பம் இல்லை. அவள் கொள்ளுத்தாத்தாவை வெள்ளைக்காரன் கப்பலேற்றி அனுப்பினான். என்ன குற்றத்துக்கு என்று வீட்டில் யாரும் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை. திரும்பிப் போவதற்கு மெயின்லேண்டில் அவளுக்கு ஒரு ஊர் கிடையாது. போனால் புதிதாகத்தான் போக வேண்டும்.

ஆனாலும் முக்கால்வாசி மனசு போய்விடலாம் என்றே இருந்தது. அதற்குக் காரணம் உமாவின் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு.

ஞாயிறு சாயங்காலம் இருவரும் போனில் பேசுவார்கள். கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகு முகம் பார்த்தே பேச முடிந்தது. இந்தப் பக்கம் இருட்டி லைட் போட்டிருக்கும். அந்தப் பக்கம் உமாவின் ஜன்னலில் இன்னும் மஞ்சள் வெயில் அடிக்கும். அந்த வெயிலைப் பார்க்கும்போதெல்லாம் வைஜெயந்திக்குச் சின்னதாக ஒரு பொறாமை. “இந்த வாரம் என்ன கண்டுபிடிச்சே?” என்பதுதான் முதல் கேள்வி. அவரவர் ஊரில் புதிதாகப் பார்த்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அதுதான் சட்டம். ஆரம்பித்து வைத்தவள் உமா. பள்ளிக்கரணைச் சதுப்பில் பூநாரைகள் வந்திருக்கின்றன, ஒற்றைக்காலில் நின்றுகொண்டே தூங்குகின்றன என்றாள். பூமிக்கடியில் போகும் மெட்ரோ ரயிலைச் சொன்னாள். ஞாயிறு காலையில் பழைய கட்டடங்களுக்கு முன்னால் உட்கார்ந்து பென்சிலால் படம் வரையும் கூட்டத்தில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். சௌகார்பேட்டையில் இரண்டு முறுக்குக்கு நடுவில் வெள்ளரியும் தக்காளியும் வைத்துக் கொடுக்கிறார்களாம், அதையும் விடவில்லை. போட்டோ அனுப்புவாள். ஒன்றில்கூட அவள் இருக்கமாட்டாள். “நீ எங்கடி இதுல?” என்றால், “எடுத்ததே நான்தானே” என்பாள்.

பதிலுக்கு வைஜெயந்தியும் ஏதாவது சொல்ல வேண்டுமே. வாரா வாரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? அதற்காகவே, சும்மா நின்றிருந்த ஸ்கூட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு கிளம்பத் தொடங்கினாள். பிறந்து வளர்ந்த ஊரில் இத்தனை சந்துகள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு மேட்டுச் சந்தின் முடிவில், வடக்குத் தீவில் மாயாபந்தர் பக்கத்திலிருந்து வந்த கரேன் இனக் குடும்பம் ஒன்று வீட்டு வராந்தாவிலேயே நூடுல்ஸ் சூப் விற்பதைக் கண்டுபிடித்தாள். கப்பல்கள் உள்ளே வருவது முழுசாகத் தெரியும் ஒரு மேட்டைக் கண்டுபிடித்தாள். நாலு பக்கமும் கடல் உள்ள ஊரில் பிறந்து, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவள், ஐம்பத்தொன்பது வயதில் நீச்சல் குளத்தில் பெண்கள் வகுப்பில் சேர்ந்தாள். மிதக்க முடிந்த அன்று உமாவிடம் சொல்ல வேண்டும் என்பதற்காக ஞாயிறு வரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உமா காப்பிகூடக் கேட்கவில்லை. ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேப்பரை விரித்து, கயிற்றை அறுத்தாள். கொத்தமல்லிக் கட்டுகள். முருங்கைக்காய். சின்ன வெங்காயம். வாழையிலையில் பொதிந்த மல்லிகைப் பந்து. ஒரு கட்டு வாரப் பத்திரிகை. ஹாலே சென்னை மார்க்கெட் மாதிரி மணத்தது.

“சலோ, எல்லாரையும் கூப்பிடு. பங்கு போடலாம்.”

“யாரைடி கூப்பிட?”

“மல்லிகா அக்காவைக் கூப்பிடு.”

“அவங்க கோயம்புத்தூர் போய் ஏழெட்டு வருஷம் ஆச்சு.”

“முத்துகிருஷ்ணன் மாமா வீடு?”

“மதுரைக்குப் போயிட்டாங்க. போன்ல சொன்னேனே, மறந்துட்டியா?”

“எங்க வீட்ல யாரு இருக்கா இப்ப?”

“உங்க வீட்டை இடிச்சு மூணு மாடி கட்டியாச்சு. கீழ ஒரு தெலுங்குப் பொண்ணு. புதுசா கல்யாணம் ஆனவ. பேர்கூடத் தெரியாது எனக்கு.”

உமா எழுந்து தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். பிரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கொத்தமல்லி இருந்தது. சின்ன வெங்காயம் இருந்தது. கண்ணாடி டப்பாவில் மல்லிகைப்பூகூட இருந்தது. சிநேகிதி வருகிறாளே என்று காலையில்தான் வைஜெயந்தி மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி வைத்திருந்தாள்.

“எல்லாம் இருக்கேடி.”

“இருக்கு. ஃப்ளைட்ல வந்து இறங்குது. நேரமில்லன்னா போன்ல தட்டினா வாசலுக்கே வருது.”

“பின்ன ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“அரே, சாமான் கொண்டு வர்றேன்னு நீ சொன்னியா?”

“பங்கு சாமானை யாராவது சொல்லிட்டா கொண்டு வருவாங்க?” என்று கேட்டுவிட்டு உமா பிரிட்ஜ் கதவைச் சாத்தினாள். இத்தனை வருஷமாக அவள் மனதில் இந்தத் தெரு அப்படியே நின்றுகொண்டிருந்திருக்கிறது, கையில் கிண்ணத்தோடு. தெருவுக்கு அது தெரியாமல் போய்விட்டது. வைஜெயந்திக்கு உமாவைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

“எழுந்திரு. கொத்தமல்லியைப் பிடி பிடியாக் கட்டு. நாமளே போய்க் கொடுக்கலாம்.”

“தெரியாதவங்க வீட்டுக்கா?”

“கொத்தமல்லியைக் கொடுத்தா தெரிஞ்சவங்க ஆயிடுவாங்க.”

பொட்டலங்களைக் கூடையில் போட்டுக்கொண்டு முதலில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திறந்த பெண் இவர்கள் இருவரையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்து, “க்யா ஆன்ட்டி, கோயி பூஜா ஹை?” என்று ஹிந்தியில் கேட்டாள், ஏதாவது பூஜையா என்று. வைஜெயந்தி வாயைத் திறப்பதற்குள், அத்தனை வருஷமாக ஹிந்தியே பேசாத உமா சொன்னாள்:

“நஹி பேட்டி. ஜஹாஸ் ஆயா.”

இல்லம்மா, கப்பல் வந்திருக்கிறது என்றால் அந்தப் பெண்ணுக்கு என்ன புரியும்? பேந்தப் பேந்த விழித்தாள். ஆனாலும் மல்லிகைச் சரத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தலையை இவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். உமா பூவை வைத்துவிட்டாள். பெயர் ப்ரியங்கா என்றாள் அந்தப் பெண். உள்ளே வந்து டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

நாலாவது வீட்டில் பிஸ்வாஸ் என்று ஒரு பெங்காலிப் பெரியவர். மூன்று வருஷமாக அங்கே இருக்கிறார். மெயின்லேண்டிலிருந்து வந்தவர் என்று வைஜெயந்தி தானாகவே நினைத்துக்கொண்டு, தலையசைப்பதோடு நிறுத்தியிருந்தாள். உமா அவரிடமும், பெங்காலியில் அண்ணா என்று கூட்டி, அதையே சொன்னாள். “ஜஹாஸ் ஆயா, தாதா.” அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். மாயாபந்தரில் வளர்ந்தவராம். அங்கேயும் கப்பல் வந்தால் இப்படித்தான், கல்கத்தாவிலிருந்து வந்த உருளைக்கிழங்கை வீட்டுக்கு நாலாக அம்மா வாங்கி வருவாள் என்று ஹிந்தியில் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டதற்கு வெட்கப்படவும் இல்லை.

அன்று படுக்கப் போகும்போது வைஜெயந்தியின் முக்கால்வாசி மனசு பாதியாகிவிட்டது. மூன்று வருஷமாகத் தெருவில் யாரும் இல்லை, யாரும் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோமே, கதவைத் தட்டிப் பார்த்தோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

அடுத்த நாட்களில் உமாவை ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்துத் தன் கண்டுபிடிப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். உமா இரண்டு கையாலும் இவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, இறக்கம் வரும்போதெல்லாம் முருகனைக் கூப்பிட்டாள். அபர்தீன் பஜாரில் வண்டியை நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. நாலு ஆட்டோ, இரண்டு பஸ், அவ்வளவுதான் கூட்டம். உமா ஓரத்தில் நின்றுகொண்டு ஒரு காலை வைப்பாள், எடுப்பாள். கடைசியில் வைஜெயந்தியின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“சென்னை ரோட்டையே தாண்டுற ஆளு, இந்த ரோட்டுக்கு பயப்படுறியே.”

“அங்க சிக்னல் இருக்கும்டி” என்றாள் உமா, முகத்தைப் பார்க்காமல்.

கரேன் வீட்டு வராந்தாவில் சூப் குடிக்கும்போது, “இந்தச் சந்துக்கு நீ தனியாவா வந்தே? முதல் தடவையே தனியாவா?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். நீச்சல் குளத்துக்கு வந்தபோது இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காலை மட்டும் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தாள். வைஜெயந்தி மல்லாந்து மிதந்து அவள் காலடி வரை வந்து நின்றாள்.

“நீ நிஜமாவே நீந்துறியேடி” என்றாள் உமா.

“நிஜமாவேன்னா? போன்ல சொன்னேன்ல.”

“சொன்னே. ஆனா நிஜமாவே நீந்துறே.” சொல்லிவிட்டு அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. வைஜெயந்தி அதைக் கவனித்தாள். ஆனால் அன்று அவளுக்குத் தன் சந்தோஷமே பெரிதாக இருந்ததால் கேட்காமல் விட்டுவிட்டாள்.

ஊரைக் காட்டக் காட்ட அவள் மனசில் இருந்த மீதிப் பாதியும் போய்விட்டது. ஒவ்வொரு திருப்பமும் கைக்குத் தெரிந்தது. பிரேக் எங்கே பிடிக்க வேண்டும், எந்த மேட்டில் மழை முதலில் தெரியும், எந்தக் கடைக்காரர் சில்லறைக்கு முகம் சுளிப்பார் என்பதெல்லாம் யோசிக்காமலே வந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டு அம்பத்தூர் மூன்றாவது மாடியில் போய் என்ன செய்வது? அங்கே எல்லாவற்றையும் கண்டுபிடித்து முடித்துவிட்ட உமாவின் பின்னால் அடி எடுத்து வைப்பதா? அதற்கு அவளுக்கு ஆசையும் இல்லை, இந்த வயதில் தெம்பும் இல்லை.

உமா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய சாயங்காலம், கார்பின்ஸ் கோவ் போகும் வழியில் கடலோரச் சுவரில் உட்கார்ந்தார்கள். அலை ஏறிக்கொண்டிருந்தது. உப்புக்காற்றில் இருவர் தலையும் கலைந்து கிடந்தது. மணி ஐந்தைத் தாண்டியதுமே இருட்டத் தொடங்கிவிட்டது. “அங்க இப்ப நல்ல வெயில் அடிக்கும்” என்றாள் உமா.

வைஜெயந்தி இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். “உமா, கோச்சுக்காதே. நான் வரலடி. வீட்டுச் சொந்தக்காரர்கிட்ட சொல்லிடு. கார்த்திகாகிட்ட நானே பேசிக்கிறேன்.”

உமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபித்துக்கொண்டாள் என்று வைஜெயந்தி நினைத்தாள். சமாதானமாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “உனக்கென்னடி குறை? மெட்ரோ, பூநாரை, படம் வரையிறதுன்னு சுத்திட்டு இருக்கே. நான் இல்லாமலே ஜாலியாத்தானே இருக்கே.”

“பூநாரையை நான் பார்த்ததே இல்லடி.”

வைஜெயந்திக்குப் புரியவில்லை. “என்ன?”

“பார்த்ததே இல்ல. சிவப்பிரகாசம் அண்ணன் தவறின அந்த மாசம் உனக்கு ஞாபகம் இருக்கா? நான் போன் பண்ணுவேன், நீ எடுப்பே, பேசமாட்டே. உம், உம்னு மட்டும் சத்தம் வரும். எனக்கு பயமா இருந்துச்சு. பூநாரை வந்திருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தான். போய்ப் பார்த்துட்டு வந்து உனக்குச் சொல்லலாம்னு கிளம்பினேன். பஸ் மாறணும். தப்பான ஸ்டாப்ல இறங்கிட்டேன். கேட்டா ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டுறாங்க. நடு ரோட்டுல நின்னு அழுதுட்டேன்டி. ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். சாயங்காலம் உனக்குப் போட்டா மறுபடியும் உம்ங்குறே. என்ன சொல்றதுன்னு தெரியாம, பூநாரை பார்த்தேன்னு சொல்லிட்டேன். நீ ‘என்ன கலர்டி’ன்னு கேட்டே. அந்த மாசம் பூரா உன் வாயிலேர்ந்து வந்த ஒரே கேள்வி அதுதான்.”

உமா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“அப்புறம் எப்படி நிறுத்துறது? வாரா வாரம் நீ கேட்கிறே. போன்ல பார்த்தேன், பேப்பர்ல படிச்சேன், சொன்னேன். அனுப்பின போட்டோவும் யாரோ எடுத்ததுதான்.”

“மெட்ரோ?”

“ஏறினதில்ல.”

“படம் வரையிறவங்க?”

“அவங்க போட்ட படத்தைப் பார்த்திருக்கேன். கீழ லைக் போட்டிருக்கேன்.”

“அந்த முறுக்கு?”

“அவருக்கு வெளிச் சாப்பாடு ஆகாது. வெளிய போறதே ஆகாது. நாள் பூரா டிவி. தனியாப் போக எனக்குத் தைரியம் இல்ல. காய்கறிக்கடை, கோயில், மருந்துக்கடை, அவ்வளவுதான்டி என் சென்னை. இங்க சின்ன வயசுல பஸ்ஸில ஏறினா கண்டக்டரே அப்பாவை விசாரிப்பார். அங்க நான் காணாமப் போனாக்கூட ஒருத்தருக்கும் தெரியாது. நீ வந்தா ரெண்டு பேருமாப் போய் எல்லாத்தையும் பார்க்கலாம்னு நினைச்சேன். சொன்ன பொய்யெல்லாம் நிஜமாயிடும்னு நினைச்சேன்.”

வைஜெயந்திக்கு முதலில் கோபம்தான் வந்தது. நல்ல கோபம். மூன்று வருஷமாக உமாவின் ஜன்னல் வெயிலைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறாள். அந்த ஜன்னலுக்குப் பின்னால் இவள் எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நன்றாகத் திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். திட்டு வரவில்லை. யாரும் பார்க்காத பூநாரைக்குப் பதில் சொல்லத்தானே தூசி படிந்திருந்த ஸ்கூட்டியைத் துடைத்தாள். ஏறாத மெட்ரோவுக்குப் பதில் சொல்லத்தானே தெரியாத சந்துகளில் நுழைந்தாள். தண்ணீரில் கால் வைக்கவே பயந்தவள் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்டதும் இவளிடம் சொல்வதற்காகத்தான். சிவப்பிரகாசம் போன பிறகு அவளை வீட்டைவிட்டு வெளியே இழுத்துக்கொண்டு வந்தது, வீட்டைவிட்டு வெளியே போகவே முடியாத ஒருத்தி. இத்தனை வருஷ சிநேகத்தில் உமாவை இவ்வளவு நெருக்கமாக அவள் நேசித்ததில்லை.

“ஒரு தடவையாவது சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா நீ மறுபடியும் உம்னு உட்கார்ந்துடுவியோன்னு பயம்.”

ரோட்டு விளக்குகள் எரியத் தொடங்கின. வைஜெயந்தி கைப்பையிலிருந்து போனை எடுத்து உமாவின் மடியில் வைத்தாள். “ஸ்ரீநிவாஸ் அண்ணனுக்குப் போன் போடு. அந்த மூணாவது மாடி வீட்டை யாருக்கும் விட வேண்டாம்னு சொல்லு.”

“என்னடி சொல்றே? வரலன்னு இப்பத்தானே சொன்னே.”

“அப்ப எல்லாம் பார்த்து முடிச்சவ பின்னால வரணும்னு நினைச்சேன். இப்ப அப்படி இல்லியே.”

“வேண்டாம்டி வைஜு. உனக்கு இங்க எல்லாம் இருக்கு. ஊரே உன் கையில இருக்கு. எனக்காகப் பாவம் பார்த்து வராதே.”

“பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. டெய்ரி ஃபார்ம் வீட்டை விக்கமாட்டேன். பூட்டிச் சாவியை ப்ரியங்காகிட்ட கொடுத்துட்டு வர்றேன். போடு போனை.”

உமா போனைக் கையில் வைத்துக்கொண்டு போடாமல் இருந்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. “எனக்கு பஸ் நம்பர்கூடத் தெரியாதுடி. ரெண்டு பேரும் தொலைஞ்சுதான் போவோம்.”

“தொலைவோம். ஒருத்தி தொலைஞ்சாத்தான் அழுகை. ரெண்டு பேராத் தொலைஞ்சா அதுக்குப் பேரு ஊர்சுத்துறது.”

கடல் பக்கம் திரும்பாமல்தான் வைஜெயந்தி இதைச் சொன்னாள். அந்தக் கடலைத் திரும்பிப் பார்த்தால், வருகிறேன் என்ற பேச்சு மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.